தாமதமில்லா மையம்

சித்தூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த மக்கள் சேவை மின் மையத்துக்கு இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் ஒரு கேடயம் கிடைத்தது. 'தாமதமில்லா மையம்' என்று தெலுங்கிலும் இங்கிலீஷிலும் பொறித்த பித்தளைக் கேடயம். மனு கொடுத்த பதினைந்து நாளுக்குள் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அந்த மையத்தில் ஒரு மனுகூடப் பதினைந்து நாளைத் தாண்டவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. வாசலில் நின்றுகொண்டிருந்த ஜனம் வேறு மாதிரி சொன்னது. ஆனால் ஜனத்தைக் கேட்டுக் கேடயம் கொடுக்கிற வழக்கம் எங்கேயும் கிடையாது.

தணிகாசலம் அங்கே ஒப்பந்த டெக்னீஷியனாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்துக்காரன். பெங்களூரில் அவன் வேலை பார்த்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. வாங்கியவர்கள் மேசை நாற்காலியை வைத்துக்கொண்டு ஆட்களை வேண்டாம் என்றார்கள். பலமனேர் வழியாக வரும் பஸ்ஸில் ஒரு பையோடும் லினக்ஸ் அறிவோடும் ஊர் திரும்பியவனுக்கு இந்த வேலை கிடைத்ததே பெரிய விஷயம். வேலைக் கடிதத்தில் ஆகஸ்ட் ஒன்பது என்று தேதி போட்டிருந்தது. அவன் சேர்ந்ததோ பதினாறாம் தேதி. ஏதோ தட்டச்சுப் பிழை என்று விட்டுவிட்டான். கவுண்டர் கம்ப்யூட்டர்களில் கடிகாரம் இருக்கும் பட்டையையே எடுத்துவிட்டிருந்தார்கள். திரையில் இடம் மிச்சம் என்றார் மேனேஜர் ரங்கையா. சுவரில் தொங்கிய தினக் காலண்டரில் ஆகஸ்ட் ஒன்பதுக்கு மேல் யாரும் தாள் கிழிக்கவில்லை. கவர்மென்ட் ஆபீஸ் என்றால் அப்படித்தான் என்று அவனும் பேசாமல் இருந்தான்.

செப்டம்பர் ஆறாம் தேதி பத்மினி வந்தாள். முப்பது வயது இருக்கும். கரும்பு வெட்டிப் பிழைக்கிற குடும்பம். புருஷன் சிரஞ்சீவி குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தவன். இரண்டாம் தேதி காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை. உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமானால் இங்கிருந்து குடும்ப உறுப்பினர் சான்றிதழ் ஒன்று போக வேண்டும். இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் அங்கேயே புதைத்துவிடுவோம் என்று அவன் முதலாளி சொல்லிவிட்டானாம். சிரஞ்சீவியோடு ஒரே அறையில் இருந்த பலமனேர்க்காரன் ஒருவன் போனில் சொன்னதையெல்லாம் பத்மினி ஒரு நோட்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள். அந்தத் தாளில் முப்பத்தேழு என்று ஒரு நம்பரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. அது பிணவறையில் அவன் இருக்கிற பெட்டியின் நம்பர்.

"அவர ஐஸ்ல வெச்சிக்கிறாங்களாம் அண்ணா. அந்த மனுசன் பானையில வெச்ச தண்ணியே குளிருதுன்னு சொல்றவரு" என்றாள்.

சான்றிதழ் அடிப்பது பத்து நிமிட வேலை. ஆனால் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து சான்றிதழின் வடிவம் மாறியிருந்தது. புது வடிவம் ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜாகத் திருப்பதித் தலைமையகத்திலிருந்து வந்திருந்தது. அதைச் சர்வரில் ஏற்றினால்தான் அச்சாகும். தணிகாசலம் ஏற்றினான். கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லிச் சர்வர் மறுத்துவிட்டது.

இந்தக் கையொப்ப விவகாரம் ஒன்றும் கெட்ட ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு பேக்கேஜிலும் அனுப்புகிறவர் தன்னிடம் இருக்கும் ரகசியச் சாவியால் ஒரு முத்திரை வைப்பார். அந்த முத்திரை அசல்தானா என்று பார்க்க நம் மெஷினில் அதற்கு ஜோடியான இன்னொரு சாவி இருக்கும். இரண்டும் பொருந்தினால் திறக்கும், பொருந்தாவிட்டால் திறக்காது. வழியில் எவனும் கைவைக்கவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. தணிகாசலத்துக்கு இதில் மரியாதை உண்டு. அதனால் வேலை தெரிந்தவன் செய்கிற எல்லாவற்றையும் செய்தான். பேக்கேஜை அழித்துவிட்டு மூன்று முறை புதிதாக இறக்கினான். அளவு சரியாக இருந்தது. சரிபார்ப்பு எண் கடைசி எழுத்துவரை பொருந்தியது. பழைய மிச்சங்களைத் துடைத்தான். பிறகு சாவிகளின் பட்டியலைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. தலைமையகத்தின் பழைய சாவி காலாவதியாகி, ஆகஸ்ட் இருபதாம் தேதி புதுச் சாவி ஒன்று உண்டாக்கியிருந்தார்கள். அது இந்த மெஷினில் இல்லை. சரிபார்க்காமலே ஏற்றவும் வழி உண்டுதான். ஆனால் அச்சடிக்கிற புரோகிராம் ஒவ்வொரு தாளுக்கும் மறுபடி கையொப்பத்தைக் கேட்கும்.

புதுச் சாவியை இன்டர்நெட்டில் இறக்கினால் ஒரு நிமிடம். விதியோ சாவியைத் திருப்பதியில் இருக்கும் மண்டல நம்பிக்கைப் பிரிவின் கையிலிருந்து நேரில்தான் வாங்க வேண்டும் என்றது. எட்டாம் தேதி காலை தணிகாசலம் பஸ் ஏறினான். சந்திரகிரி தாண்டும்போது மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டான். அவனுக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

நம்பிக்கைப் பிரிவில் ஐந்து பேர் கொண்ட சரிபார்ப்புக் குழு இருந்தது. ஒவ்வொரு சாவிக்கும் நாற்பது எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. அதை ஒருவர் நின்றுகொண்டு வாசிப்பார். இரண்டாமவர் உட்கார்ந்துகொண்டு திருப்பிச் சொல்வார். மூன்றாமவர் பச்சை மையால் டிக் அடிப்பார். இந்த மூன்று பேரும் ஒருவருக்கொருவர் உதவி செய்துவிடாமல் நாலாமவர் கவனிப்பார். ஐந்தாமவர் பிரிவின் தலைவர் ஸௌரிராஜன். அவர் நாலாமவரைக் கவனிப்பார்.

முதல் நாள் இருபத்தெட்டாவது எழுத்தில் கரண்ட் போய்விட்டது. நடுவில் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதி. இரண்டாம் நாள் திருப்பிச் சொல்கிறவர் தங்கை கல்யாணத்துக்கு லீவு. வாசிக்கிறவரே திருப்பியும் சொல்லலாமே என்று தணிகாசலம் கேட்டுவிட்டான். ஐந்து பேரில் இருந்த நாலு பேரும் அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்து வெளியே போய் டீ குடித்தான். பிறகு சனி, ஞாயிறு. திங்கள்கிழமை முப்பத்தாறாவது எழுத்தில் பச்சை மை தீர்ந்தது. நீல மை செல்லாது. பச்சைப் பேனா வாங்க அனுமதிக் கடிதம் தயாராகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தணிகாசலம் சத்திரத்தில் படுத்துக்கொண்டு, பெட்டி நம்பர் முப்பத்தேழை நினைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை நாற்பது எழுத்தும் முடிந்தது. ஸௌரிராஜன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை. அவனுக்கும் ஒரு காபி வரவழைத்தார். ஒரு பெண்பிள்ளை புருஷனின் பிணத்துக்காகக் காத்திருக்கிறாள் சார், அதனால்தான் அவசரப்படுத்தினேன் என்று தணிகாசலம் சொன்னான். அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் நீங்க எங்ககிட்ட சொல்லப்படாது தம்பி" என்றார். "கையெழுத்து யாரோடது, அது நெஜமா, இந்த ரெண்டுதான் நாங்க பார்க்கறது. உள்ள என்ன இருக்கு, யாருக்கு வேணும், எப்போ வேணும்னு பார்க்க ஆரம்பிச்சா நம்பிக்கையே கெட்டுப்போயிடும். இந்தப் பிரிவு ஆரம்பிச்சு ஆறு வருஷமாறது. இதுவரைக்கும் ஒரு போலிப் பேக்கேஜ் எந்த ஆபீசுக்கும் போனதில்லை. நெஜமானதும் நாலோ அஞ்சோதான் போயிருக்கு."

சாவி இருந்த சி.டி.யைத் துணிப்பையில் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். பதினாலாம் தேதி காலை தணிகாசலம் அதைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு சித்தூர் வந்து இறங்கினான். மையத்து வாசல் பெஞ்சில் பத்மினி இருந்தாள். அவன் கையில் அரக்கு முத்திரையைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டாள். அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அரக்கை உடைத்தான். சாவியை ஏற்றினான். கையொப்பம் சரிபார்க்க முடியவில்லை என்றது சர்வர்.

அப்போதுதான் அவன் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தான். சுருக்கமாகச் சொல்லாதே, உள்ளதை விரிவாகச் சொல் என்று மெஷினுக்குக் கட்டளை கொடுத்தான். மெஷின் ஒளிக்காமல் சொன்னது. இந்தச் சாவி இன்றிலிருந்து பதினோரு நாள் கழித்து உண்டாக்கப்பட்டிருக்கிறது; ஒன்று காலம் புரண்டிருக்க வேண்டும், அல்லது கடிகாரத்தில் கோளாறு இருக்க வேண்டும். தணிகாசலம் தேதியைக் கேட்டான். ஆகஸ்ட் ஒன்பது என்றது மெஷின். அவன் தலையைத் திருப்பிச் சுவர்க் காலண்டரைப் பார்த்தான். வேலைக் கடிதமும் ஞாபகம் வந்தது.

அட்டெண்டர் ஜெயம்மாவைக் கேட்டான். அவள் எதையும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தினமும் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியதும் சர்வர் அறைக்குள் போய், தேதியை ஆகஸ்ட் ஒன்பதுக்குத் திருப்ப சார் எழுதிக் கொடுத்திருக்கிற ஒரு வரியை அடிப்பது அவள் வேலை. அவள் பெருக்கத்தான் போகிறாள் என்று தணிகாசலம் நினைத்துக்கொண்டிருந்தான்.

"நின்னு போன மனுவெல்லாம் தீர்ந்தா பத்தாம் தேதி அடிக்கலாம்னு சார் சொல்லிக்கிறாரு. எங்க தீருது? தெனம் புதுசா வந்துக்கினே இருக்குது. ஆபீசுக்கு ஒரு தேதி, வெளிய ஒரு தேதி. எங்களுக்குப் பழகிப் போச்சு" என்றாள்.

மேனேஜர் ரங்கையாவும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டானே என்று கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டினார். நாற்காலியைக் காட்டினார். அவர் தலைக்கு மேலே கேடயம் பளபளத்தது. பக்கத்தில், ஆகஸ்ட் ஒன்பது என்ற ஒரே நாளில் ஐயாயிரம் மனுக்களை வாங்கிச் சாதனை செய்ததற்காக வந்த பாராட்டுக் கடிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது.

"இதப் பாரு தம்பி, வெளியில தேதி தானா ஓடிக்கினே இருக்கும். அதுக்குப் பொறுப்பு கெடையாது. இங்க அப்படி விட முடியுமா? வேலை முடிஞ்சாத்தான் தேதி நகரும்" என்று விளக்கினார். "இப்ப நீ அதை மாத்தினேன்னு வெச்சிக்கோ. ஒரே நிமிசத்துல ரெண்டாயிரத்து முந்நூறு பேருக்கு லேட் ஆயிடும். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்குக்கூட லேட் பண்ணாத ஆபீஸ் இது. அத்தினி பேர் வயித்தெரிச்சல நான் கொட்டிக்கணுமா?"

தணிகாசலம் பத்மினியின் மனுவை எடுத்து வைத்தான். ரங்கையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். இறந்த தேதி செப்டம்பர் இரண்டு என்று இருந்த இடத்தில் விரலை வைத்தார். இங்கே ஆகஸ்ட் ஒன்பதுதான் ஆகிறது, அதன்படி இந்த ஆள் உயிரோடு இருக்கிறார், உயிரோடு இருக்கிறவருக்கு எப்படிச் சான்றிதழ் தருவது என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு அது நிஜமாகவே ஒரு சிக்கலாக இருந்தது. ஆனாலும் இரக்கமுள்ளவர் என்பதால் பத்மினியை உள்ளே கூப்பிட்டு, ஆகஸ்ட் எட்டாம் தேதி இறந்ததாக எழுதிக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டார்.

பத்மினி மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க எப்படி எழுதினாலும் சரி சார், அவரு வந்தாப் போதும்" என்றாள். "ஆனா ஆகஸ்ட் பதினஞ்சாம் தேதி என்கூட பேசினாரே சார். கொடியேத்துற நாளு, லீவுன்னு சாயங்காலம் போன் பண்ணாரு. ரொம்ப நேரம் பேசினாரு. பொங்கலுக்கு வர்றேன்னாரு. அதுக்கு அப்புறம் பேசவேயில்ல."

குவைத் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் செப்டம்பர் இரண்டு என்று இருக்கும், இதில் எட்டு என்று இருந்தால் அங்கே தூக்கி எறிந்துவிடுவார்கள் என்றான் தணிகாசலம். போதாததற்குப் புது வடிவம் இல்லாமல் அதுவும் அச்சாகாது. ரங்கையா கையை விரித்தார். தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டதாகச் சொல்லி, அதைக் கோப்பில் குறித்தும் வைத்துக்கொண்டார்.

பதினைந்து, பதினாறு, பதினேழு என்று வெளியே நாள் போயிற்று. பத்மினி காலையில் பெஞ்சுக்கு வருவாள், சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்குப் போவாள். தணிகாசலத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டிருந்தாலாவது ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான். அவள் கேட்காதது அவனை அரித்தது. பெங்களூரில் அவன் பார்த்த மெஷின்களில் இந்தப் பிழை வந்திருந்தால் ஒரே வரி அடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இங்கே அந்த ஒரு வரியை அடிக்கத் தனக்குத் தைரியம் இல்லையே என்று தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் ரங்கையா கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்குப் போனார். தணிகாசலம் ஜெயம்மாவிடம் போய்க் கையை நீட்டினான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வாசல் பெஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து சர்வர் அறைச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அவன் செப்டம்பர் பத்தொன்பது என்று அடித்தான். சி.டி.யில் இருந்த சாவியை மெஷின் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. பேக்கேஜின் கையொப்பம் சரி என்றது. நாற்பது வினாடியில் எல்லாம் ஏறி முடிந்தது. பதின்மூன்று நாள், ஐந்து பேர், அரக்கு, பச்சை மை, எல்லாம் இந்த நாற்பது வினாடிக்கு. அவன் பத்மினியின் விவரங்களைப் போட்டான். இறந்த தேதியை மெஷின் எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. பிரிண்டர் கரகரத்துத் தாளைத் தள்ளியது. அது சூடாக இருந்தது. இனி மேனேஜரின் முத்திரையும் கையெழுத்தும் விழுந்தால் போதும். தெருமுனைக் கடையில் ஃபேக்ஸ் இருக்கிறது. குவைத்தில் நேரம் இன்னும் மிச்சம் இருந்தது.

அதற்குள் கவுண்டர்கள் எல்லாவற்றிலும் திரை சிவந்துவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு மனுக்களும் ஒரே நேரத்தில் தாமதமாகின. கவுண்டரில் இருந்தவர்கள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார்கள். யாரோ ரங்கையாவுக்குப் போன் செய்துவிட்டார்கள். அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார்.

சத்தம் போடுவார் என்று தணிகாசலம் எதிர்பார்த்தான். ரங்கையா தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்குது. ஒரு பிழை இல்ல" என்றார். "ஆனா இதுல செப்டம்பர் பத்தொன்பதுன்னு போட்டிருக்குது. இன்னும் வராத நாளுக்கு நான் எப்படி தம்பி கையெழுத்து போடறது? நான் இருபத்தாறு வருசம் சர்வீஸ் பண்ணவன்."

வெளியே போய்ப் பாருங்கள், டீக்கடைக்காரனைக் கேளுங்கள், பேப்பரைப் பாருங்கள் என்று தணிகாசலம் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவர் காலைத் தொடக் குனிந்தான். ரங்கையா சங்கடப்பட்டு நகர்ந்துகொண்டார். தாளை ஒரு கோப்பில் வைத்து, மேலே தம் கையாலேயே எழுதினார்: செப்டம்பர் பத்தொன்பது வந்ததும் ஒப்பத்துக்கு வைக்கவும். பிறகு ஜெயம்மாவைக் கூப்பிட்டார். ஜெயம்மா உள்ளே போய் ஒன்பது என்று அடித்தாள். திரைகள் பழைய நிறத்துக்கு வந்தன. கவுண்டரில் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள்.

தணிகாசலத்தை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் மறுநாள் வந்தது. அலுவலகத்தின் அனுமதியின்றி வருங்காலத்துக்குச் சென்று, இரண்டாயிரத்து முந்நூறு பொதுமக்களுக்குத் தாமதம் ஏற்படுத்தியதாக அதில் கண்டிருந்தது. கடிதத்தின் தேதியும் அவன் வேலைக் கடிதத்தின் தேதியும் ஒன்றாக இருந்ததால், அவன் அந்த ஆபீசில் ஒரு நாள்கூட வேலை செய்ததாக ஆகவில்லை.

அன்று சாயங்காலம் சிரஞ்சீவியைக் குவைத்தில் புதைத்தார்கள். பலமனேர்க்காரன் போனில் சொன்னான். தானும் இரண்டு மலையாளிகளும் கூட இருந்ததாகவும், மண் ரொம்பச் சூடாக இருந்ததாகவும் சொன்னான். பெட்டி முப்பத்தேழில் வேறு யாரையோ வைத்துவிட்டார்களாம்.

இரண்டு நாள் கழித்துத் தன் பையை எடுத்துக்கொள்ளத் தணிகாசலம் மையத்துக்கு வந்தபோது பத்மினி அங்கே இருந்தாள். நெற்றியும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. வாசல் பெஞ்சில் உட்காராமல் உள்ளே வந்து, காலண்டருக்கு நேர் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். மன்னிச்சுடும்மா என்றான். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. துடைப்பத்தோடு வந்த ஜெயம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, இங்க இன்னிக்கி இன்னா தேதி?"

ஜெயம்மா தணிகாசலத்தைப் பார்த்தாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள்.

"ஒம்பது."

பத்மினி விரல் விட்டு எண்ணினாள். ஆறாவது விரலில் நிறுத்தினாள்.

"பதினஞ்சாம் தேதி சாயங்காலம் அவரு போன் பண்ணுவாரு. அது வரைக்கும் இங்கியே குந்திக்கினு இருக்கேங்க்கா. வெளிய போனா செத்துப் போயிட்டாருன்றாங்க."

யாரும் அவளை எழுப்பவில்லை. ஆபீசுக்குள் உட்கார ஒரு காரணம் வேண்டும் என்பதால் ரங்கையா அவளுக்கு ஒரு டோக்கன் கொடுக்கச் சொன்னார். மறுநாள் காலையில் ஜெயம்மா சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். காலண்டருக்குக் கீழே இருந்தவளைச் சுற்றிக்கொண்டு சர்வர் அறைக்குள் போய், ஒன்பது என்று அடித்துவிட்டு வந்தாள்.